மென்பொருள் எளிதாகும் காலத்தில் கையேடு எழுதுபவரின் எதிர்காலம்: செட்டிநாட்டிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும், சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு இங்கிருந்தபடியே வேலை பார்ப்பவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் தொழில்நுட்ப எழுத்தைப் பற்றி என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை ஓரிடத்தில் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் பலவாயினும் அவற்றின் அடியில் இருக்கும் ஐயம் ஒன்றுதான்: யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் செயலிகளைப் பயன்படுத்துகிற காலத்தில், பயன்படுத்தும் முறையை எழுதிப் பிழைக்கும் தொழில் எத்தனை நாளைக்கு நிற்கும்?

தொழில்நுட்ப எழுத்தாளர் என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

ஒரு பொருளையோ மென்பொருளையோ உருவாக்கியவருக்குத் தெரிந்ததை, அதைப் பயன்படுத்துபவருக்குத் தேவையான அளவிலும் வரிசையிலும் எழுதித் தருகிறார். பயனர் கையேடு, உதவிப் பக்கம், நிறுவும் முறை, பிழைச் செய்தி, புதிய பதிப்பின் மாற்றக் குறிப்பு, ஒரு மென்பொருள் மற்றொன்றோடு பேசும் வாயிலான ஏபிஐயைப் பற்றி நிரலாளர்களுக்கு எழுதும் விளக்கம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். 1949இல் பைனாக் என்ற கணினிக்காக ஜோசப் சாப்லின் எழுதிய கையேடு, கணினித் துறையின் முதல் பயனர் கையேடுகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. எழுதும் நேரத்தைவிடக் கேட்டு அறியும் நேரமும் சோதித்துப் பார்க்கும் நேரமுமே இவ்வேலையில் அதிகம் என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நன்றாக வடிவமைத்த மென்பொருளுக்குக் கையேடே தேவைப்படாது என்கிறார்களே?

பாதி உண்மை. எந்தப் பட்டனை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்று சொல்வதற்காக மட்டுமே எழுதப்பட்ட கையேடுகள் தேவையற்றுப் போய்விட்டன. அவை போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. உள்ளபடி சொன்னால், அவற்றை அந்தக் காலத்திலும் பலர் படிக்கவில்லை. ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கரோலும் அவருடைய சகாக்களும் 1980களில், புதிதாகக் கணினி கற்பவர்களை அருகிலிருந்து கவனித்தபோது, அவர்கள் கையேட்டை முதலிலிருந்து வரிசையாகப் படிக்காமல் நேரே வேலையில் இறங்கிவிடுவதையும், எங்காவது சிக்கிக்கொண்ட பிறகே புத்தகத்தைப் புரட்டுவதையும் கண்டார்கள். அதனால்தான் தேவையற்றவற்றை உதறிவிட்டு, பயனர் செய்ய வந்த வேலையையும் அதில் நேரக்கூடிய தவறிலிருந்து மீளும் வழியையும் முன்னிறுத்தும் சுருக்கக் கையேட்டு முறையைக் கரோல் வகுத்தார்.

மற்றப் பாதியில்தான் என் மறுப்பு இருக்கிறது. திரை எளிதாவது வேறு, திரைக்குப் பின்னால் இருக்கும் விஷயம் எளிதாவது வேறு. வரிச் சட்டமும் வங்கி விதியும் மருந்தின் அளவும் ஒரு நல்ல வடிவமைப்பாளர் வந்துவிட்டார் என்பதற்காக எளிதாகிவிடுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், முன்பு நான்கு திரைகளைக் கடந்து செய்யவேண்டியிருந்த தவறை இப்போது ஒரே தட்டலில் செய்துவிட முடிகிறது.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?

அரிசி ஆலைகளுக்குப் பேர்போன புதுவயலில் ஆலைக் கணக்கர் ஒருவர் பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அரிசி ரகத்தைத் தொட்டு, மூட்டை எண்ணிக்கையைத் தட்டினால் பில் வந்துவிடும். இதற்குக் கையேடு வேண்டியதில்லை. ஆனால் 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி என்றும், அதற்கு மேற்பட்ட எடையில் ஒரே மூட்டையாக இருந்தால் வரி இல்லை என்றும் விதி வந்தது. சந்தைக்கு 26 கிலோ மூட்டைகள் வந்ததன் காரணம் இதுதான். அதே நெல், அதே ஆலை, அதே பில் திரை. ஒரு கிலோவில் வரி மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் பல உதவிப் பக்கங்கள் என்ன எழுதுகின்றன தெரியுமா? “வரி விகிதம் என்ற கட்டத்தில் உரிய வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கவும்.” கணக்கருக்குத் தெரியாதது கட்டம் இருக்கும் இடமல்ல, உரிய விகிதம் எது என்பது. நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்: “பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய மூட்டையின் எடை 25 கிலோவோ அதற்குக் குறைவோ என்றால் 5 சதவீதத்தைத் தேர்ந்தெடுங்கள். 10 கிலோப் பைகள் பத்தைப் பெரிய சாக்கு ஒன்றில் போட்டு விற்றாலும் உள்ளே இருக்கும் பையின் எடைதான் கணக்கு; சாக்கின் மொத்த எடை அல்ல. தவறான விகிதத்தில் பில் போய்விட்டால், வரி கூடுதலாக இருந்தால் கிரெடிட் நோட்டும், குறைவாக இருந்தால் டெபிட் நோட்டும் போட்டுச் சரிசெய்யுங்கள். இ-இன்வாய்ஸ் எடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அதை ரத்துசெய்ய முடியும்.” இதற்குக் கீழே, எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்ற வரியும் இருக்கும், வரி விதி எழுதும் பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை நம்ப வழியில்லை.

இந்த விதி நடைமுறைக்கு வந்த வேளையிலேயே மத்திய நிதியமைச்சகம் கேள்வி-பதில் வடிவில் ஒரு விளக்கம் வெளியிட்டது. பத்துப் பைகளைப் பெரிய கட்டாகக் கட்டினால் என்ன என்ற கேள்விக்குக்கூட அதில் பதில் இருந்தது. மென்பொருள் எவ்வளவு எளிதாக இருந்தாலும் இந்தக் கேள்வி எழுந்தே தீரும், யாராவது ஒருவர் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

யூபிஐ போன்றவற்றை எல்லோரும் படிக்காமலே பயன்படுத்துகிறார்களே, அங்கே எழுத்துக்கு என்ன வேலை?

தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016இல் தொடங்கிய யூபிஐ, எளிமையில் உலகமே வியக்கும் அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி ஒருவரிடம், “உங்களுக்குப் பணம் வரவேண்டும், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ‘பின்’ (PIN) நம்பரைப் போடுங்கள்” என்று தொலைபேசியில் ஒருவன் சொன்னால், செயலியின் எளிமை அந்த நேரத்தில் அவரைக் காப்பதில்லை, ஏமாற்றுபவனுக்கே துணைபோகிறது. பணம் பெறுவதற்கு ‘பின்’ நம்பர் தேவையே இல்லை என்ற ஒரு வரி, பின் நம்பரைக் கேட்கும் அதே திரையில், அவர் படிக்கும் மொழியில், அவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கவேண்டும். அதை எழுதுவதும், அது அந்தத் திரையில்தான் வரவேண்டும் என்று வடிவமைப்பாளரிடம் வாதாடுவதும் தொழில்நுட்ப எழுத்தாளரின் வேலை. இருநூறு பக்கக் கையேடு போய், இடம் பார்த்து வைக்கப்பட்ட ஆறு சொற்கள் வந்திருக்கின்றன, பொறுப்பு குறையவில்லை.

பிழைச் செய்திகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

எல்லாம் சரியாக ஓடும்போது யாரும் எதையும் படிப்பதில்லை, நின்றுபோகும்போதுதான் படிக்கிறார்கள். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் வரலாற்றை இத்துறைக்கு வருபவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அந்த இயந்திரம் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். மூலக் காரணம் மென்பொருள் பிழையும், பழைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டதும்தான். ஆனால் 1986இல் டெக்சாஸில் விபத்து நேர்ந்தபோது இயக்குநரின் திரையில் வந்தது “கோளாறு 54” என்ற வெறும் எண். இயக்குநர் கையேட்டில் அந்த எண்களுக்கு விளக்கமே இல்லை. இதுபோன்ற செய்திகள் அடிக்கடி வருவதும், ஒரு விசையை அழுத்தினால் இயந்திரம் மேலே தொடர்வதும் வழக்கமாகிப் போயிருந்ததால், இயக்குநர் அன்றும் தொடர்ந்தார்.

எண்ணுக்குப் பதிலாக என்ன நடந்தது, நோயாளிக்கு என்ன ஆகியிருக்கலாம், இப்போது என்ன செய்யக்கூடாது என்ற மூன்றையும் யாராவது உட்கார்ந்து எழுத முயன்றிருந்தால், “இதற்கு என்ன பொருள்?” என்று பொறியாளரிடம் கேட்டே இருப்பார்கள். எழுத முயலும்போதுதான் உருவாக்கியவர்களுக்கே தெளிவில்லாத இடங்கள் வெளிப்படுகின்றன. தொழில்நுட்ப எழுத்தில் எனக்குப் பிடித்ததும், வெளியே அதிகம் தெரியாததும் இந்தப் பகுதிதான்.

செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும் என்கிறார்களே?

எழுதுகிறது, நன்றாகவும் எழுதுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, முதல் வரைவு எழுதுவதற்கும், நீண்ட பக்கத்தைச் சுருக்குவதற்கும், நடையை ஒரே சீராக்குவதற்கும் இத்துறையில் பலர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் வெளிவராத பதிப்பில் உள்ள வசதி எப்படி நடந்துகொள்ளும் என்பது, அதை உருவாக்கியவரிடம் கேட்டு, ஓட்டிப் பார்த்து அறியவேண்டிய செய்தி. அது எங்கும் எழுதப்படாதவரை எந்தக் கருவிக்கும் தெரிய வழியில்லை, தெரியாத இடத்தையும் அது சரளமாக நிரப்பிவிடும் என்பதுதான் ஆபத்து.

இதில் சட்டப் பொறுப்பும் உண்டு. கனடாவில் ஒரு பயணி, உறவினர் இறந்ததற்கான கட்டணச் சலுகையைப் பற்றி ஏர் கனடா நிறுவனத்தின் ‘பாட்’ எனப்படும், கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் உரையாடல் மென்பொருளிடம் கேட்டார். பயணம் செய்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது; நிறுவனத்தின் விதிப் பக்கமோ அப்படி முடியாது என்றது. அந்தப் பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியதை ஏற்காத பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம், 2024 பிப்ரவரியில் பயணிக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வாய்கள் இரண்டு விதமாகப் பேசாமல் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்ற கேள்வி அதோடு எழுந்துவிட்டது.

கவனிக்க வேண்டிய இன்னொரு மாற்றம்: உதவிப் பக்கத்தை இப்போது மனிதர் படிப்பதற்கு முன் இயந்திரம் படிக்கிறது. பயனர் ‘பாட்’ இடம் கேட்க, பாட் நம் பக்கங்களில் தேடி ஒரு பத்தியை எடுத்துப் பதில் சொல்கிறது. “மேலே சொன்னபடி செய்யவும்” என்று தொடங்கும் பத்தி தனியாகப் பிய்த்தெடுக்கப்பட்டால் பொருளற்றுப் போகும். மூன்று பதிப்புகளுக்கு முந்தைய பக்கத்தை நீக்காமல் விட்டிருந்தால், பாட் அதையும் எடுத்துச் சொல்லும். ஆகவே எழுதுவதைப் போலவே பழையதை நீக்குவதும், எந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறிப்பதும் தினசரி வேலையாகிவிட்டன.

ஏபிஐ விளக்கம் எழுதும் வேலை நிலைக்குமா?

ஏபிஐ விளக்கத்தின் பட்டியல் பகுதி ஏற்கெனவே தானாக உருவாகிறது. ஓப்பன்ஏபிஐ என்ற வடிவத்தில் விவரக்கோப்பு இருந்தால், அதிலிருந்து முழுப் பக்கத்தையும் கருவிகளே உருவாக்கித் தருகின்றன. தானாக வராதது இதுபோன்ற கேள்விகளுக்கான பதில்: பணம் அனுப்பும் கோரிக்கைக்கு மறுமொழி வராமல் நேரம் கடந்துவிட்டால், அதே கோரிக்கையை மறுபடி அனுப்பலாமா, அனுப்பினால் பணம் இரண்டு முறை போகுமா? இதற்கு ஒரு பத்தி எழுதப்படாத பணப் பரிமாற்ற ஏபிஐயை இணைக்கும் நிரலாளர், தன் வாடிக்கையாளரின் பணத்தை வைத்துத்தான் பதிலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு வேலை கிடைக்குமா?

இதில் நான் இனிப்பாகப் பேச விரும்பவில்லை. தொடக்கநிலை வேலைகள்தான் முதலில் குறைகின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வான். இத்துறையிலும் அப்படித்தான், கையேட்டில் உள்ள ஸ்கிரீன்ஷாட்களை மாற்றுவது, பதிப்பு எண் திருத்துவது, மாற்றக் குறிப்பைச் செப்பனிடுவது என்ற சின்ன வேலைகளில் தொடங்கி, பொருளின் உள்ளும் புறமும் அறிந்து மேலே வருவார்கள். அந்தப் பெட்டியடி வேலையைத்தான் இன்று கருவி செய்கிறது. அது மிச்சப்படுத்தும் செலவை எண்ணி மகிழும் நிறுவனங்கள், பத்தாண்டுக்குப் பின் மேலாள் எங்கிருந்து வருவார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே எழுத்தாளர் என்ற பதவிப் பெயரைத் தேடி மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, மென்பொருள் சோதனை, நிறுவல் ஆகிய வேலைகளில் சேர்ந்து, அங்கே யாரும் எழுத விரும்பாததை எழுதத் தொடங்குபவர்கள் இத்துறைக்குள் நுழைய இன்றும் வழி இருக்கிறது. பயனர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது உதவிப் பிரிவில் அமர்ந்தவருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் இத்துறையின் சங்கமே மூடப்பட்டுவிட்டதாமே?

ஆம். 1950களில் வேர்விட்ட தொழில்நுட்பத் தொடர்பாளர் சங்கம், நிதிநிலை தாங்காமல் 2025 ஜனவரியில் திவால் அறிவித்து மூடப்பட்டது. அதையே தொழிலின் மரண அறிவிப்பாகக் கொள்ளத் தேவையில்லை. 2013இல் தொடங்கிய ரைட் த டாக்ஸ் போன்ற கட்டணமில்லாக் குழுக்களில் ஆட்கள் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காரைக்குடியில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் மென்பொருளை மட்டும் பார்க்காதீர்கள். 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் நிறுவிய கல்லூரிகளும் இருக்கின்றன. மின்கலம், அரிமானத் தடுப்பு போன்றவற்றில் படித்தவர் ஒருவர் தெளிவாக எழுதவும் கற்றுக்கொண்டால், கருவிகளுக்கான பாதுகாப்புக் குறிப்பும் பராமரிப்புக் கையேடும் எழுதும் தகுதி அவருக்கு வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் சட்டத்தின் துணையும் உண்டு. 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் இயந்திர ஒழுங்குமுறை, கையேட்டை மின்வடிவில் தர அனுமதிக்கிறதே தவிரக் கையேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குபவர் வாங்கும்போதே கேட்டால் அச்சுப் பிரதியை இலவசமாகத் தரவும் வேண்டும். அந்நாடுகளுக்கு இயந்திரம் ஏற்றுமதி செய்பவர் எவராயினும் இதற்குக் கட்டுப்பட்டவர்.

இலக்கணமும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் போதுமா?

போதாது. அவை இல்லாமலும் முடியாது.

அப்படியென்றால் எதைக் கற்கவேண்டும்?

எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன், கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் கிட் ஆகிய இரண்டையும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். கூகுள் நிறுவனம் இலவசமாகத் தரும் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களுக்குப் போக விரும்புபவர்கள் ஆவணத்தைச் சிறு தலைப்புகளாக எழுதித் தேவைக்கேற்பச் சேர்க்க உதவும் டிட்டா என்ற கட்டமைப்பை அறிந்திருப்பது நல்லது. பயிற்சிப் பாடம், செய்முறை, தகவல் பட்டியல், விளக்கம் என்று ஆவணங்களை நான்காகப் பிரிக்கும் டயாடாக்சிஸ் முறை, எதை எங்கே எழுதுவது என்ற குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும்.

கருவிகளைவிட முக்கியம் கைவசம் காட்ட ஒரு மாதிரி இருப்பது. அதற்கு மென்பொருளே வேண்டியதில்லை. ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் ஊற்றும் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு நில்லுங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்டும் மணலும் இட்டு மட்டப்படுத்தி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கும் வேலையைப் பார்த்து எழுதுங்கள். பார்த்ததை எழுதுவது வருணனையாகத்தான் இருக்கும். அதோடு நின்றுவிடாமல், கோயம்புத்தூரில் அந்தக் கல்லை வாங்கிப் பதிக்கப்போகும் கொத்தனாருக்கும், பதித்தபின் தரையைத் துடைக்கப்போகும் வீட்டாருக்கும் தனித்தனியே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமெண்ட் அரித்துக் கல் பாழாகும் என்ற எச்சரிக்கை எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் வரவேண்டும் என்று நீங்கள் முடிவெடுக்கும் விதத்தைப் பார்த்தே, வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்களை எடைபோட்டுவிடுவார்.

தமிழில் எழுதுவதற்கு வேலை உண்டா?

ஊதியத்தோடு கூடிய வேலை இன்றைக்குக் குறைவு. ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் போன்றவற்றின் தமிழாக்கம் தன்னார்வலர்களின் உழைப்பில் நடந்தது. ஆனால் பயனரின் மொழியில் பேசும் குரல்வழி உதவியும் பாட்களும் பெருகும்போது, ஆங்கிலப் பக்கத்தை இயந்திரம் பெயர்த்துத் தரும் தமிழ் சரியா என்று பார்க்கவேனும் ஆள் வேண்டும். முன்பு சொன்ன ஆலைக் கணக்கருக்கு எழுதும் பக்கத்தை, பெயர்த்ததாக இல்லாமல் முதலிலேயே தமிழில் சிந்தித்து எழுதும் நிறுவனத்துக்கு வரும் உதவி அழைப்புகள் குறையும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் வெளியீட்டுக்கு முந்தைய வாரம்தான் எழுத்தாளரை அழைக்கிறார்கள். என்ன செய்வது?

பல இடங்களில் இதுதான் நிலை, கோபப்பட்டுப் பயனில்லை. முதலில் பிழைச் செய்திகள் எல்லாம் இருக்கும் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்; நிரலாளர்கள் அதைச் சந்தோஷமாகத் தள்ளிவிடுவார்கள், அதைத் திருத்தப் போனால் பொருளின் உள்ளே நுழைந்துவிடலாம். அடுத்து, ஒரு திரையை விளக்க மூன்று பத்திகள் தேவைப்பட்டால், அவற்றை வெளியிடுவதற்கு முன் வடிவமைப்பாளரிடம் காட்டுங்கள். அவர் திரையை மாற்ற ஒப்புக்கொண்டால் மூன்று பத்திகளையும் அழித்துவிட்டு, ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அதை உங்கள் வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.